உருகுநீர் பனியை ஓட வைக்கிறதா, நிறுத்துகிறதா? (கிரீன்லாந்து)

#1 வடகாற்று

கிரீன்லாந்து பனிப்படலத்தைப் பற்றி இரண்டு ஆய்வுச் சுருக்கங்கள் படித்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன.

முதலாவது 2002-இல் ஜே ஸ்வாலி குழு சயன்ஸ் இதழில் எழுதியது. மேற்குக் கிரீன்லாந்தில் சுவிஸ் கேம்ப் என்ற முகாம். அங்கே பனியின் தடிமன் 1,200 மீட்டருக்கும் மேல். அதன் மீது ஜிபிஎஸ் கருவியை நட்டு வைத்து அளந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் நாளுக்குச் சுமார் 31 செ.மீ. நகர்ந்த பனி, கோடையில் சுமார் 40 செ.மீ. வரை போயிருக்கிறது. மேலே உருகிய நீர் அடிப்பாறை வரை இறங்கி, பனியை வழுக்க வைக்கிறது என்பது முடிவு.

இரண்டாவது 2015-இல் நேச்சரில் வந்தது. ஆண்ட்ரூ டெட்ஸ்டோன் குழு செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தென்மேற்குக் கிரீன்லாந்தைப் பார்த்திருக்கிறது. 1985–94 காலத்தோடு ஒப்பிட்டால் 2007–14 காலத்தில் உருகல் 50 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் பனியின் வேகம் 12 சதவீதம் குறைந்திருக்கிறது!

நீர் வழுக்க வைக்கும் என்றால், நீர் கூடக் கூட வேகம் எப்படிக் குறையும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 எதிர்ப்பேச்சு

விடையை நீங்களே எழுதிவிட்டீர்களே. அதிகம் உருகினால் மெதுவாகிறது. இயற்கை தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. 2002-இல் போட்ட கூச்சல் மட்டும் இன்னும் ஓயவில்லை, அவ்வளவுதான்.

#3 துருவநரி

நான் பனிப்படலத்தின் கணினி மாதிரிகள் பக்கம் வேலை செய்பவள். வடகாற்று சொன்ன இரண்டு ஆய்வுகளும் சரி, இரண்டுக்கும் சண்டையே இல்லை. "நீர் எவ்வளவு" என்று கேட்பதால்தான் முரண்பாடு போலத் தெரிகிறது. பனியின் வேகத்தைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் நீரின் அளவு அல்ல, அதன் அழுத்தம்.

கோடை தொடங்கும்போது பனிக்கும் பாறைக்கும் நடுவே பெரிய வழி எதுவும் இருக்காது. மெல்லிய படலமாகவும் சின்னச் சின்னக் குழிகளிலும்தான் நீர் தங்கும். அந்த நேரத்தில் மேலிருந்து திடீரென்று வரத்து கூடினால் போக இடமில்லை, அழுத்தம் ஏறும். பனியின் எடையில் பெரும்பகுதியை நீரே தாங்கத் தொடங்கும், பாறையின் பிடி தளரும், பனி வேகமெடுக்கும். ஸ்வாலி குழு பார்த்தது இந்தக் கட்டத்தை.

வரத்து தொடர்ந்தால் கதை மாறும். ஓடும் நீர் உராய்வால் வெப்பத்தை உண்டாக்கி, சுற்றியுள்ள பனிச்சுவரைக் கரைத்துத் தனக்கு ஒரு குழாய்வழியைச் செதுக்கிக்கொள்ளும். 1972-இல் ஹான்ஸ் ரோத்லிஸ்பெர்கர் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் கண்ட விசித்திரம் என்னவென்றால், இப்படிப்பட்ட குழாயில் ஓட்டம் பெருகப் பெருக அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த குழாய் பக்கத்தில் தேங்கிய நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். பனி மறுபடி பாறையில் அமரும். நம் ஊரில் முதல் மழைக்குத் தெரு முழுக்க முட்டளவு தண்ணீர் நிற்கும், வடிகால் அடைப்பு நீங்கிய பிறகு அதைவிடப் பெரிய மழைகூட வடிந்துவிடும் இல்லையா, அதேதான். என்ன, இங்கே வடிகாலைத் தோண்டுவதும் அந்தத் தண்ணீரேதான், மாநகராட்சி வராது.

குளிர்காலத்தில் நீர் நின்றதும் பனியின் எடை அந்தக் குழாய்களை நசுக்கி மூடிவிடும். அடுத்த கோடைக்கு மறுபடி முதலிலிருந்து.

டெட்ஸ்டோன் பார்த்தது முப்பது ஆண்டுகளின் நிகரக் கணக்கு. கோடைத் தொடக்கத்தில் கிடைக்கும் கூடுதல் வேகத்தை, குழாய்கள் நன்றாக வடித்த பிறகு வரும் மந்தம் தின்றுவிடுகிறது. உருகல் அதிகமான ஆண்டில் வடிகால் விரிந்து பரவுகிறது, அதைத் தொடரும் குளிர்காலத்தில் பனி வழக்கத்தைவிட மெதுவாகப் போகிறது.

எதிர்ப்பேச்சு நண்பருக்கு: அந்த ஆய்வு நடந்தது, பனி கடலைத் தொடாமல் நிலத்திலேயே முடியும் ஓரப்பகுதியில் மட்டும். "இயற்கை சரிசெய்துகொள்கிறது" என்று மொத்தக் கிரீன்லாந்துக்கும் அதை நீட்ட முடியாது.

#4 பொறியாளன்77

எனக்கு அதற்கு முந்தைய படியே புரியவில்லை. ஒரு கிலோமீட்டர் தடிமனான பனி, உள்ளே மைனஸ் 10, மைனஸ் 15 டிகிரி. மேலே உருகிய நீர் இறங்குகிற வழியிலேயே உறைந்து போகாதா? பாறை வரைக்கும் எப்படிப் போய்ச் சேரும்?

#5 கணக்கு வாத்தியார்

தம்பி, நல்ல கேள்வி. பிளஸ் ஒன் இயற்பியலே போதும்.

பனியின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 917 கிலோ. நீரின் அடர்த்தி 1,000. பனியில் ஒரு பிளவு இருக்கிறது, விளிம்பு வரை நீர் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆழத்தை எடுத்தாலும் நீர் வெளிப்பக்கம் தள்ளுகிற அழுத்தம், பனி உள்பக்கம் நெருக்குகிற அழுத்தத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஆழம் கூடக் கூட அந்த வித்தியாசமும் கூடும். ஆகவே நீர் தொடர்ந்து கிடைக்கும்வரை பிளவு நிற்காது, அடி வரை கிழித்துக்கொண்டே போகும். பனி தனியாக இருந்தால் பிளவு சில பத்து மீட்டரில் மூடிக்கொள்ளும்.

"தொடர்ந்து கிடைக்கும்வரை" என்பதுதான் நிபந்தனை. மெதுவாகக் கசியும் நீர் உறைந்துவிடும், தம்பி சந்தேகப்பட்டது அந்த இடத்தில் சரி. ஒரு ஏரியே மேலே காத்திருந்தால் உறைய நேரம் இருக்காது.

#6 துருவநரி

ஐயா சொன்னதற்கு ஒரு நிஜ உதாரணம். 2006 ஜூலையில் சாரா தாஸ், இயன் ஜோகின் குழு மேற்குக் கிரீன்லாந்தில் ஒரு பனிமேல் ஏரியைக் கண்காணித்துக்கொண்டிருந்தது. பரப்பு ஐந்தரை சதுர கி.மீ. அளவு, நீர் 4.4 கோடி கன மீட்டர், கீழே 980 மீட்டர் பனி. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏரி காலி. சராசரியாக நொடிக்கு 8,700 கன மீட்டர், நயாகராவை விடப் பெரிய ஓட்டம். அந்த நேரத்தில் அங்கிருந்த பனியே 1.2 மீட்டர் மேலே எழும்பியது, அவ்வளவு நீர் அடியில் புகுந்திருக்கிறது. ஆனால் ஒரு நாளுக்குள் நகர்வு ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

ஏரி வடிந்தாலும் கிழிந்த இடம் வீணாவதில்லை. செங்குத்துக் கிணறாக நின்று, மூலான் என்பார்கள், கோடை முழுக்க ஓடைநீரை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும்.

#7 எதிர்ப்பேச்சு

> ஒரு நாளுக்குள் நகர்வு ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

நன்றி மேடம், நான் சொன்னதும் இதுதான். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கையே இந்த வழுக்கல் விளைவால் கடல்மட்டத்துக்கு வரும் கூடுதல் பங்கு சிறியது என்றுதானே சொல்கிறது?

#8 துருவநரி

ஆமாம், சொல்கிறது. நானும் அதை மறுக்கவில்லை. கோடை வேகத்தால் மட்டும் கிரீன்லாந்து கடலுக்குள் சரிந்து விழுந்துவிடாது. 1992 முதல் 2018 வரை அது இழந்த 3.8 லட்சம் கோடி டன் பனியில் ஏறத்தாழ பாதி, மேலே உருகி நேராக வழிந்து கடலுக்குப் போனது. மீதி, கடலோரப் பனியாறுகள் வேகமாகி உடைந்து கொட்டியது. அங்கே பெரிய காரணம் கடல்நீரின் வெப்பம். உருகுநீருக்கும் அதில் கை உண்டு: பனியாற்றின் அடியிலிருந்து பீறிட்டு வரும் நன்னீர் மேலெழும்போது வெதுவெதுப்பான கடல்நீரைப் பனிமுகப்பின் பக்கம் இழுத்து வருகிறது.

ஆனால் இந்த இழையில் பாதி விஷயம் இன்னும் பேசப்படவே இல்லை.

#9 மீனா_நெல்லை

அக்கா, அந்தப் பாதி வெப்பநிலைதானே? நான் கேட்க நினைத்ததும் அதுதான். உருகுநீர் 0 டிகிரி. அது எப்படி ஒரு கிலோமீட்டர் பனியைச் சூடாக்கும்? 0 டிகிரி நீரில் அப்படி என்ன சூடு இருக்கிறது?

#10 கணக்கு வாத்தியார்

அம்மா, நீரின் சூடு அதன் வெப்பநிலையில் இல்லை, அது உறைவதில் இருக்கிறது. உள்ளுறை வெப்பம்.

ஒரு கிலோ நீர் 0 டிகிரியிலேயே பனியாக மாறும்போது 334 கிலோஜூல் வெளிவிடும். ஒரு கிலோ பனியை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 2.1 கிலோஜூல் போதும். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோ நீர் உறைந்தால் ஏறக்குறைய 160 கிலோ பனி ஒரு டிகிரி சூடாகும். அல்லது 16 கிலோ பனி மைனஸ் 10-இலிருந்து 0 வரைக்கும் வரும்.

நீர் உயரத்திலிருந்து விழுவதாலும் கொஞ்சம் வெப்பம் வரும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் கிலோவுக்கு 9.8 கிலோஜூல். உறைதலோடு ஒப்பிட்டால் இது முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஏரி ஏரியாகக் கொட்டினால் சின்னத் தொகையும் பெருந்தொகைதான்.

#11 துருவநரி

அந்தச் "சின்னத் தொகை"யை அளந்தே பார்த்துவிட்டார்கள் ஐயா. மேற்குக் கிரீன்லாந்தின் ஸ்டோர் பனியாற்றில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு ரேடார் வைத்து அடிப்பகுதி எவ்வளவு கரைகிறது என்று பார்த்தது. முடிவு 2022-இல் வந்தது. நாளுக்குச் சராசரி 14 மி.மீ., உச்சத்தில் 57 மி.மீ. புவிவெப்பத்தால் மட்டும் கரைந்தால் ஆண்டுக்கே சில மில்லிமீட்டர்தான் வரும்.

இப்போது உறைதலுக்கு வருகிறேன். 2010-இல் தாமஸ் ஃபிலிப்ஸ், ஹரிஹர் ராஜாராம், கொன்ராட் ஸ்டெஃபன் மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கோடை முடிந்ததும் பிளவுகளிலும் கிணறுகளிலும் நீர் மிச்சமிருக்கிறது. அது உள்ளேயே உறைகிறது. உறையும்போது ஐயா சொன்ன வெப்பம் முழுவதும் சுற்றியுள்ள பனிக்குள் இறங்குகிறது. வெளிக்காற்றின் வெப்பம் மேலிருந்து கீழே பரவுவதற்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும் என்று நினைத்த வெப்ப மாற்றம் சில பத்தாண்டுகளில் நடக்கலாம் என்றார்கள்.

பனி சூடானால் என்ன? சூடான பனி இளகும். ஒரே அழுத்தத்தில், 0 டிகிரியை ஒட்டிய பனி மைனஸ் 10 டிகிரி பனியைவிட ஏறத்தாழ 7 மடங்கு வேகமாக உருமாறும். இந்த நகர்வுக்கு அடியில் வழுக்கல் தேவையில்லை. பனியின் உடம்பே நெகிழ்ந்து ஓடுகிறது.

ஸ்டெஃபன் பெயர் 2002 ஆய்விலும் இருக்கிறது. சுவிஸ் கேம்பை 1990-இல் நிறுவியவர் அவர். வழுக்கல் பற்றிய ஆய்வும் வெப்பம் பற்றிய ஆய்வும் அந்த ஒரே முகாமைச் சுற்றித்தான் வளர்ந்தன. 2020 ஆகஸ்டில் அந்த முகாமுக்குப் பக்கத்திலேயே ஒரு பனிப்பிளவில் விழுந்து இறந்துபோனார்.

#12 கணக்கு வாத்தியார்

"ஆயிரக்கணக்கான ஆண்டுகள்" என்பதையும் சரிபார்த்துவிடுவோம். பனியில் வெப்பம் பரவும் வீதம் ஆண்டுக்குச் சுமார் 36 சதுர மீட்டர். தூரத்தின் வர்க்கத்தை இதால் வகுத்தால் தோராயமான காலம் கிடைக்கும்.

மேலிருந்து 1,000 மீட்டர் கீழே போக: 10 லட்சம் வகுத்தல் 36, சுமார் 28,000 ஆண்டுகள்.
20 மீட்டர் இடைவெளியில் பிளவுகள் இருந்தால் ஒவ்வொன்றும் 10 மீட்டர் சூடாக்கினால் போதும்: 100 வகுத்தல் 36, மூன்று ஆண்டுகள்கூட இல்லை.

தூரம் நூறில் ஒன்றாகச் சுருங்கினால் காலம் பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது. பிளவு எவ்வளவு நெருக்கம், எவ்வளவு ஆழம் என்பதில்தான் மொத்த வாதமும் நிற்கிறது.

#13 எதிர்ப்பேச்சு

வாத்தியார் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் 20 மீட்டருக்கு ஒரு பிளவு, அதுவும் அடிவரைக்கும், எங்கே இருக்கிறது? தாளில் போட்ட கணக்கு வேறு, பனியில் இருக்கும் உண்மை வேறு. நீர் உறையாமல் தங்குகிறது என்பதற்காவது சான்று உண்டா?

#14 துருவநரி

இது நியாயமான கேள்வி. அவ்வளவு நெருக்கமான, அடிவரை போகும் பிளவுகள் எல்லா இடத்திலும் கிடையாது. பிளவு மண்டலங்களில் வெப்பம் பெரும்பாலும் மேல் அடுக்குகளில் தங்கும். பனி அதிகம் நெகிழ்வது அடியை ஒட்டித்தான் என்பதால், மேல் அடுக்கு சூடானால் வேகத்தில் உடனே பெரிதாகத் தெரியாது. இந்தக் கருத்தின் பலவீனமான இடம் அது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீர் தங்குவதற்குச் சான்று கேட்டீர்கள். 2011 வசந்தத்தில், உருகல் காலம் தொடங்கும் முன்பே, தென்கிழக்குக் கிரீன்லாந்தில் துளையிட்டவர்களுக்குத் துளையில் நீர் கிடைத்தது. குளிர்காலம் முழுவதும் உறையாமல் கிடந்த நீர். அது முழுதாக இறுகாத பழைய பனி, ஃபிர்ன் என்பார்கள். அதன் துளைகளுக்குள் ஒரு நீர்த்தேக்கமே இருந்தது. அங்கே பனிப்பொழிவு மிக அதிகம், மேலே விழும் புதுப்பனி குளிரைக் கீழே விடுவதில்லை. நீர் இருக்கும் வரை அந்த அடுக்கின் வெப்பநிலை 0 டிகிரியை விட்டு இறங்க முடியாது.

2012 ஜூலை 12 அன்று கிரீன்லாந்து மேற்பரப்பில் 97 சதவீதத்தில் உருகல் பதிவானது. 2021 ஆகஸ்ட் 14 அன்று 3,200 மீட்டர் உயரத்து சம்மிட் நிலையத்தில் மழையே பெய்தது, அங்கே பதிவான முதல் மழை. இப்படி ஊறி உறைந்த நீர் ஃபிர்னைச் சூடாக்குகிறது. அப்புறம் மீட்டர் கணக்கில் தடித்த பனிப்பலகையாகவும் மாறிவிடுகிறது. பலகை போட்ட இடத்தில் அடுத்த ஆண்டு நீர் ஊற முடியாது, மேலோடு வழியும்.

#15 மீனா_நெல்லை

அப்படியானால் ஓரத்தில் இருக்கும் சமாதானம் உள்நாட்டுப் பகுதிக்குப் பொருந்தாதா அக்கா? குழாய் வெட்டி வடித்துவிடும் என்றீர்களே, அது அங்கேயும் நடக்குமா?

#16 துருவநரி

என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டிய இடம் அதுதான் மீனா. உள்ளே போகப் போகப் பனி தடிக்கிறது, மேற்பரப்பின் சரிவு குறைகிறது. சரிவு இல்லாததால் நீருக்குக் குழாய் செதுக்கும் சக்தி குறைவு. தடிமன் அதிகம் என்பதால் செதுக்கிய குழாயும் சீக்கிரம் நசுங்கிவிடும். கோடை முடியும்வரை அடியில் அழுத்தம் இறங்காமலே இருக்க வாய்ப்புண்டு.

ஓரத்திலிருந்து 140 கி.மீ. உள்ளே, 1,840 மீட்டர் உயரத்தில் வைத்த ஒரு ஜிபிஎஸ் 2009 முதல் 2012 வரை ஆண்டுக்கு 2.2 சதவீதம் வேகம் கூடியதைக் காட்டியது. சாமுவேல் டாய்ல் குழு 2014-இல் வெளியிட்டது. ஒரே ஒரு நிலையம், நான்கே ஆண்டுகள், அதை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் ஓரத்துப் பனி மெதுவாகிக்கொண்டிருந்த காலத்தில் உள்ளே எதிர்த்திசையில் ஒன்று நடந்திருக்கிறது.

வெப்பத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அழுத்தம் ஏறும், இறங்கும், குளிர்காலம் வந்தால் கணக்கு முடிந்தது. உறைந்து விட்டுப்போன வெப்பம் குளிர்காலத்தோடு முடிவதில்லை, அது பனிக்குள்ளேயே சேர்கிறது. அடுத்த ஆண்டு உருகல் குறைந்தாலும் போன ஆண்டின் வெப்பம் அங்கேயே இருக்கும்.

#17 பொறியாளன்77

அண்டார்டிகாவிலும் இதே கதையா?

#18 துருவநரி

இல்லை. அங்கே நிலத்தில் அமர்ந்த பனியின் மேல் இந்த அளவு உருகல் கிடையாது. மேல்நீர் சேதம் செய்வது முக்கியமாகக் கடலில் மிதக்கும் பனியடுக்குகளில். 2002 ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச்சுக்குள் லார்சன் பி என்ற பனியடுக்கு சிதறியது, சுமார் 3,250 சதுர கி.மீ. அதற்கு முன் அதன் மேல் குளங்கள் நிறைந்திருந்தன. வாத்தியார் #5-இல் சொன்ன அதே பிளவு வேலை. பிறகு அதன் பின்னால் இருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்தன.

அண்டார்டிகாவில் அடிநீர் என்பது புவிவெப்பமும் உராய்வும் கரைத்தது. அளவில் குறைவு, ஆனால் வேலை பெரியது. காம்ப் பனியோடை என்று ஒன்று இருக்கிறது (பனியோடை என்றால் பனிப்படலத்துக்குள் சுற்றியுள்ள பனியைவிட வேகமாக ஓடும் பட்டை). 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது ஏறக்குறைய நின்றுபோனது. அடியில் வழுக்கிய நீர் பக்கத்துப் பனியோடைக்குத் திசைமாறியது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

#19 பொறியாளன்77

அப்படியானால் அடிநீரைப் பம்ப் வைத்து இறைத்துவிட்டால்? துளை போடத் தெரியும், பம்ப் தெரியும். கேலியாகக் கேட்கவில்லை.

#20 துருவநரி

2018-இல் ஜான் மூர் உள்ளிட்டோர் நேச்சரில் எழுதிய யோசனைகளில் இதுவும் ஒன்று: பனியாற்றின் அடிநீரை வடிப்பது அல்லது உறைய வைப்பது. காம்ப் போல ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நீர் ஊறும் இடத்தில், தாளிலாவது பேசலாம். வேலை நடக்கும் இடம், செலவு, ஆள், எரிபொருள் எல்லாம் தனிப் புலம்பல்.

கிரீன்லாந்தில் வாய்ப்பே இல்லை. #6-இல் வந்த ஒரே ஒரு ஏரி நொடிக்கு 8,700 கன மீட்டர் இறக்கியது. அப்படிப்பட்ட ஏரிகள் ஒவ்வொரு கோடையும் நூற்றுக்கணக்கில் உருவாகின்றன.

#21 எதிர்ப்பேச்சு

பம்ப் விஷயத்தில் மேடம் பக்கம்தான். ஆனால் உள்நாட்டு வேகத்துக்கு ஒரே ஒரு ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு பயமுறுத்துவதை ஏற்க மாட்டேன். 2014-க்குப் பிறகு அங்கே என்ன அளந்திருக்கிறார்கள் என்று யாராவது தேடிப் போடுங்கள், பார்க்கலாம்.

#22 வடகாற்று

அதை நான் தேடுகிறேன். செயற்கைக்கோள் வேக வரைபடங்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த 140 கி.மீ. இடத்தை மட்டும் பார்க்காமல், 1,500 மீட்டர் உயரத்துக்கு மேலே உள்ள பட்டை முழுவதையும் எடுத்துப் பார்க்கிறேன். வாத்தியார் ஐயா, பிழை வரம்பை எப்படிக் கணக்கிடுவது என்று மட்டும் சொல்லித் தாருங்கள்.

#23 கணக்கு வாத்தியார்

தரவை முதலில் இறக்குங்கள் தம்பி. அந்த உயரத்தில் பனி ஆண்டுக்குச் சில பத்து மீட்டர்தான் நகரும். அதில் 2 சதவீதம் என்றால் ஒரு மீட்டர்கூடத் தேறாத இடங்கள் இருக்கும். படத்தின் பிழையே அதைவிடப் பெரிதாக இருந்தால் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து எதை அளக்கப் போகிறோம்?